ஓராண்டின் இசையும் ஒரு நூறு புள்ளியும்

கலையைத் தரம் பிரித்து வரிசைப்படுத்தும் வழக்கம் மேனாட்டாரிடம் நாம் கடன்பெற்றதொன்று என எண்ணுவார் உளர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கற்றோர் அவ்வாறு எண்ணார். ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டிற் சோழன் அவையில் ஆடிக் காட்டிய மாதவி, தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். ஆயின், அப்பரிசு காதையின் தொடக்கத்தில் வரவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகிய அறுவரும் இன்னின்ன தகுதியுடையர் என்றும், அரங்கின் நீளமும் அகலமும் உயரமும் இவ்வளவு என்றும் இளங்கோவடிகள் முதற்கண் விரித்துரைக்கின்றார். அளவு முன்னே, பரிசு பின்னே. அளவு கூறாது தரும் பரிசு கொடையாகலாம், தீர்ப்பு ஆகாது.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு ஓராண்டின் இசைத்தொகுப்புகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட ஆண்டு 2005. அதற்குக் காரணம் மூன்று. அவ்வாண்டில் வன்னி மண்ணோடு தொடர்புடைய ஒருவரின் பெயரைத் தாங்கிய இசைத்தொகுப்பு ஒன்று உலக அரங்கில் இரண்டாமிடம் பெற்றது. அவ்வாண்டிலேயே திருவாசகம் மேனாட்டுப் பல்லியத்தோடு சேர்ந்து ஒலித்தது. வன்னி மக்களாகிய நமக்கோ அவ்வாண்டு இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம்.

நூறு புள்ளிக் கணக்கு

நியூயோர்க் நகரத்து 'வில்லேஜ் வொய்ஸ்' என்னும் வார இதழ், இசைத் திறனாய்வாளரிடையே ஆண்டுதோறும் ஒரு வாக்கெடுப்பை நடத்திவந்தது. 'பாஸ் அன்ட் ஜொப்' என்பது அதன் பெயர். 1971இல் முதன்முறை நிகழ்ந்து, 1974 தொடக்கம் ஆண்டுதோறும் நிகழலாயிற்று. திறனாய்வாளர் ஒவ்வொருவரும் அவ்வாண்டில் வெளியான பத்து இசைத்தொகுப்புகளைத் தெரிந்தெடுத்து, நூறு புள்ளிகளை அவற்றிடையே பகிர்ந்தளித்தல் வேண்டும். எந்தவொரு தொகுப்புக்கும் முப்பதின் மேற்பட்ட புள்ளி வழங்கலாகாது. ஐந்தின் குறைந்த புள்ளியும் ஆகாது. எளிய விதியே எனினும் நுட்பமுடையது. ஒன்றன்மேற் கொண்ட பேரன்பினால் ஏனையவற்றை மறந்துவிடாதபடி அது தடுக்கின்றது.

2005ஆம் ஆண்டுக்குரிய வாக்கெடுப்பில் எழுநூற்றுக்கு மேற்பட்ட திறனாய்வாளர் கலந்துகொண்டனர். முதலிடம் கன்யே வெஸ்ட் என்னும் அமெரிக்கருக்குச் சென்றது. மூன்றாமிடம் சூஃப்யான் ஸ்டீவன்ஸ் இயற்றிய 'இல்லினோய்' என்னும் தொகுப்புக்குக் கிடைத்தது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்ற தொகுப்பின் பெயர் 'அருளர்'. தூய தமிழ்ப்பெயர் ஒன்று அவ்வரிசையில் நிற்கக் கண்ட மேனாட்டாருட் பலர் அதனை எங்ஙனம் ஒலிப்பது என்றே அறிந்திரார்.

எது சுயாதீனம்?

'சுயாதீன இசை' என்னும் தொடர் இன்று மாணவர் நாவிற் பெரிதும் பயில்கின்றது. அதன் பொருள் இடத்துக்கு இடம் வேறுபடும். மேனாட்டிற் பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்களைச் சாராது சிறு நிறுவனங்களின் வழி வெளிவருவது சுயாதீன இசை. தமிழிலோ திரைப்படத்தைச் சாராதது எதுவோ அதுவே சுயாதீன இசை. நம்மவர்க்குப் பெருநிறுவனம் வேறு, திரைப்படம் வேறு அன்று. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் ஈழத்திற் பரப்பிய பொப்பிசைப் பாடல்கள் திரையின் துணையின்றி மக்கள் வாயிற் புகுந்தவை. ஆகவே இத்தகைய இசை நமக்குப் புதிதன்று; பெயரே புதிது.

இவ்விரு பொருளையும் தழுவி, 2005இல் வெளியான நான்கு தொகுப்புகளை இங்கு எடுத்துக்கொள்வோம். கன்யே வெஸ்டின் தொகுப்பு பெருநிறுவன வெளியீடாதலின் விலக்கப்பட்டது.

அளவுகோல்

அளவுகோலை வெளியிற் தேடவேண்டுவதில்லை. நன்னூலார் நூலுக்குரிய அழகு பத்து என்றும் குற்றம் பத்து என்றும் வகுத்தார். இசைத்தொகுப்பும் ஒருவகையில் நூலே. தனிப் பாடல்கள் பல ஒரு முறையிற் கோக்கப்பட்டு ஒரு பெயரின்கீழ் வருதலின் அதற்கும் அவ்வழகுகள் பொருந்தும். பத்தினுள்ளும் சுருங்கச் சொல்லல், ஓசையுடைமை, ஆழமுடைத்தாதல், முறையின் வைப்பு, விழுமியது பயத்தல் ஆகிய ஐந்தை இங்குக் கொள்வோம். நியூயோர்க்கு விதிப்படி நூறு புள்ளியே நம் கையிருப்பு. ஒன்றுக்கு முப்பதே உச்சம்.

நான்காவது: பறவையான குரல்

அன்ரனியும் ஜோன்சன்களும் என்னும் குழுவினரின் 'ஐ ஆம் எ பேர்ட் நௌ' 2005இன் தொடக்கத்தில் வெளியாயிற்று. 'யான் இப்பொழுது ஒரு பறவை' என்பது அத்தலைப்பின் பொருள். பத்துப் பாடல்கள், அரை மணிக்குச் சற்றே மிகுதியான நேரம். அவ்வாண்டு பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசு இதற்கே வழங்கப்பட்டது. குழுவினர் நியூயோர்க்கில் வாழ்பவராயிற்றே, பிரித்தானியப் பரிசு இவர்க்கு எங்ஙனம் பொருந்தும் என அந்நாளில் வினாவெழுந்தது. பாடகர் பிறந்தது இங்கிலாந்தின் சிச்செஸ்டர் நகரில் என்பது விடையாயிற்று. அப்பரிசுக்குப் போட்டியிட்ட தொகுப்புகளுள் 'அருளர்' என்பதும் ஒன்று.

ஆணுடலிற் பிறந்து பெண்ணாக வாழ விழையும் உள்ளத்தின் தவிப்பே இத்தொகுப்பின் பொருள். அதன் பாடகர் இன்று அனோனி என்னும் பெயரோடு திருநங்கையாக வாழ்கின்றார். ஆண் புலவர் தம்மைப் பெண்ணாகப் பாவித்துப் பாடும் மரபு நம்மிடம் உண்டு. திருவெம்பாவையை நாம் மார்கழியிற் பாடுகின்றோம். அது மணிவாசகர் கன்னியர் வாய்மொழியாகப் பாடியது. அங்கே அது பாவனை, இங்கே வாழ்வு. அவ்வேறுபாட்டினாற் சுருங்கச் சொல்லலும் ஆழமும் ஒருங்கே அமைந்தன. ஆயினும் முதற்பாடலின் துயரமே இறுதிவரை பெரிதும் நீள்கின்றது. முல்லையும் மருதமும் இல்லாது நெய்தல் மட்டும் உள்ள நிலம் போன்றது இது. இதற்குப் பதினெட்டுப் புள்ளி.

மூன்றாவது: தந்தை பெயர் சூடிய தொகுப்பு

'அருளர்' என்னும் தொகுப்பை இயற்றிப் பாடியவர் எம்.ஐ.ஏ. என வழங்கும் மாயா அருட்பிரகாசம். 1975இல் இலண்டனிற் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொணரப்பட்டு, பத்து வயதளவில் மீண்டும் ஏதிலியாக இலண்டன் சென்றவர். அருளர் என்பது அவர் தந்தையாரின் புனைபெயர். ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான அவர், 1970களின் பிற்பகுதியில் வவுனியா மாவட்டத்துக் கண்ணாட்டியிற் பண்ணை அமைத்துச் செயற்பட்டவர். இலக்கியம் கற்போர் அவரை வேறொரு வகையிலும் அறிதல் வேண்டும். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஏதிலிகளை ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கிச் சென்ற கப்பலைக் களமாகக் கொண்ட 'லங்கா ராணி' என்னும் நாவலை எழுதியவர் அவரே. அந்நாவல் 1978இல் வெளிவந்தது. அவர் 2019இற் காலமானார்.

தந்தையின் அண்மையின்றி வளர்ந்தவர் மகள். அவர் பெயரைத் தொகுப்புக்கு இட்டால் எங்கிருந்தாயினும் அவர் கண்ணிற் படும் என எண்ணியதாக மகளே செவ்விகளிற் கூறியுள்ளார். பெயரிடுதல் ஈண்டு ஒரு தூதாயிற்று. அன்னத்தையும் நாரையையும் தூதுவிட்ட தமிழில் இசைத்தட்டைத் தூதுவிட்டவர் இவர் எனலாம். 2007இல் வெளியான அடுத்த தொகுப்புக்குத் தாயாரின் பெயராகிய 'கலா' என்பதையே சூட்டினார்.

இத்தொகுப்பின் பாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றின் சந்தமோ யமேக்காவிலிருந்தும் பிரேசில் நாட்டுச் சேரிகளிலிருந்தும் இலண்டன் தெருக்களிலிருந்தும் வந்து கலந்தது. பெரும் பல்லியம் ஏதுமின்றி, ரோலன்ட் நிறுவனத்தார் செய்த மேசையளவான தாளப்பொறி ஒன்றைக்கொண்டே பாடல்களிற் பெரும்பாலான உருப்பெற்றன. பறை ஒன்றே துணையாக ஊரைக் கூட்டும் வள்ளுவனை இது நினைவூட்டுகின்றது. ஓசையுடைமையில் இந்நான்கினுள்ளும் இதுவே முதன்மையானது. சுருங்கச் சொல்லலிலும் குறைவில்லை.

குறை வேறிடத்தில் உளது. போரின் சொற்களும் சின்னங்களும் இதன் பாடல்களிலும் அட்டையிலும் நிறைந்துள்ளன. அதுபற்றி அந்நாளிலேயே கடுஞ்சொற்கள் எழுந்தன. போரைப் பாடலாகாது என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. புறநானூறு போரைப் பாடியதே. ஆனாற் புறநானூற்றில் வெற்றியை வாழ்த்தும் குரலுக்கு அருகே கணவனை இழந்தாளின் குரலும் இடம்பெறுகின்றது. 'அருளர்' தொகுப்பில் முதற்குரல் உரக்கவும் இரண்டாம் குரல் மெலியவும் கேட்கின்றன. ஊர்ப்பற்றை அளவுகோலாக்கின் இதுவே முதலிடம் பெறும். ஊர்ப்பற்று நாம் கூறிய ஐந்தனுள் ஒன்றன்று. இருபத்தைந்து புள்ளி.

இரண்டாவது: பல்லியத்தில் திருவாசகம்

இளையராஜா இசையமைத்த திருவாசகம் 2005 யூன் 30ஆம் நாள் சென்னையில் வெளியிடப்பட்டது. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரத்துப் பல்லியக் குழுவினர் வாசித்தனர். ஆறு பாடல்களாக அமைந்த இத்தொகுப்பின் ஆங்கிலப் பகுதிகளை அமெரிக்க நாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதினார். தமிழ் மையம் என்னும் அமைப்பின் சார்பில் இதனை முன்னின்று நிறைவேற்றியவர் யெகத் கஸ்பர் அடிகளார். வன்னியில் நடுவயது கடந்தோர்க்கு அவர் குரல் புதிதன்று. 1990களிற் பொருளாதாரத் தடையினால் மின்கலமும் கிட்டாத நாளில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியில் நாம் கேட்ட குரல் அவருடையது.

திருவாசகத்தை மோகனப் பண்ணிற் பாடுதல் ஓதுவார் மரபு. அம்மரபிற் பழகிய செவிக்கு நரம்புக் கருவிகளின் பேரோசை முதலில் வியப்பையும், பின்னர் ஐயத்தையும், அதன்பின் அமைதியையும் தருகின்றது. ஓர் ஆன்மா தன் சிறுமையையும் தான் நாடிய பொருளின் பெருமையையும் ஒருங்கே உணரும் நிலை திருவாசகத்தின் உயிர்நிலை. தனிக்குரல் ஒன்றும் அதனைச் சூழ்ந்தெழும் நூறு கருவிகளின் முழக்கமுமாக அந்நிலையைச் செவிக்குப் புலனாக்கியது இத்தொகுப்பின் அருஞ்செயல். ஆழமும் விழுமியது பயத்தலும் இதன்பால் நிறைந்துள.

எனில் இதற்கு முதலிடம் ஏன் இல்லை எனச் சைவ அன்பர்கள் வினவுவர். மணிவாசகர் போட்டியில் இல்லை என்பதே விடை. நாம் புள்ளியிடுவது 2005ஆம் ஆண்டுத் தொகுப்புக்கேயன்றித் திருவாசகத்துக்கு அன்று. அப்பெருநூலின் புகழை இசைத்தட்டின் கணக்கில் வரவு வைத்தல் நேர்மையாகாது. தொகுப்பளவில் நோக்கின், தமிழ் நடுவே ஆங்கிலம் புகும் இடங்களிற் கேட்போன் உள்ளம் ஒருமை குலைகின்றது. உலகத்தார்க்கு உணர்த்தும் நன்னோக்கம் அது. ஆயினும் அவ்விடங்கள் உரையாசிரியர் மூலத்தின் நடுவே புகுந்து பேசுவதுபோல் உள. முறையின் வைப்பில் இது சிறு தளர்ச்சி. இருபத்தேழு புள்ளி.

முதலாவது: ஒரு நாட்டுப் படலம்

சூஃப்யான் ஸ்டீவன்சின் 'இல்லினோய்' 2005 யூலையில் வெளியாயிற்று. அவரும் அவர் தாயாரின் பின்னைக் கணவரும் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனமே அதனை வெளியிட்டது. இல்லினோய் என்பது அமெரிக்க மாநிலம் ஒன்றன் பெயர். சிக்காகோ அதன் பெருநகர். இருபத்திரண்டு பகுதிகளாக அமைந்த இத்தொகுப்பு அம்மாநிலத்தை ஊர் ஊராகப் பாடுகின்றது. பாடுமுன் அவர் அம்மாநிலத்தின் வரலாற்று நூல்களையும் குடியேற்றப் பதிவுகளையும் கற்றார். சோல் பெல்லோ, கார்ல் சான்ட்பேர்க் முதலியோரின் எழுத்தையும் கற்றார். சான்ட்பேர்க் என்னும் பழம்புலவர் கனவில் வந்து பேசுவதாகவே ஒரு பாடல் அமைகின்றது. 1893ஆம் ஆண்டுச் சிக்காகோப் பொருட்காட்சி வருகின்றது. ஆபிரகாம் லிங்கன் வருகின்றார். பழங்குடியினரை அழித்த போர் வருகின்றது. கொலைஞன் ஒருவனும் வருகின்றான். மாநிலத்தின் விடுமுறை நாளொன்றைப் பெயராகக் கொண்ட பாடல், என்புப் புற்றுநோயால் இறந்த இளந்தோழியை மெல்லிய குரலில் நினைவுகூர்கின்றது. நாடு, நகர், மாந்தர், துயர் என்னும் வைப்புமுறை நம் காப்பியங்களின் நாட்டுப்படலத்தையும் தலபுராணங்களையும் ஒப்பது.

குறையும் உண்டு. ஒரு பாடலின் தலைப்பு ஐம்பது சொற்களையும் கடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்பு ஏடுகளைப் பார்த்தோர்க்கு இது வியப்பளிக்காது. ஆயினும் மிகைபடக் கூறல் குற்றமே. எழுபது நிமிடங்களுக்கு மேற்பட்ட நீளமும் சுருங்கச் சொல்லலுக்கு மாறானது. ஐம்பது மாநிலங்களையும் இவ்வாறு பாடப்போவதாக அவர் அறிவித்தார், இரண்டோடு நின்றுவிட்டார்.

இத்தனைக்கும் பின்னர் முதலிடம் தருவது எதனால்? ஓசையிலும் ஆழத்திலும் முறையின் வைப்பிலும் இது ஒருங்கே நிற்கின்றது. அதற்கும் மேலாக, சிற்றூரின் பெயரும் பாடலுக்குத் தகுதியுடையது என இது நிலைநாட்டியது. டிக்கேற்றர் என்னும் ஊரை உலகத்து இளைஞர் அறிந்தது இப்பாடலால். ஒட்டுசுட்டானையும் துணுக்காயையும் முழங்காவிலையும் அவ்வாறு கோவையாக எடுத்துப் பாடும் இசைத்தொகுப்பு நமக்கு வேண்டும். முப்பது புள்ளி.

முப்பது, இருபத்தேழு, இருபத்தைந்து, பதினெட்டு: கூட்டினால் நூறு. மாணவர் இவ்வரிசையை மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். மறுப்பவர் தம் அளவுகோலை முன்வைத்து மறுப்பாராக.

இட முடியாத புள்ளி

இனி ஒரு வினா எஞ்சுகின்றது. 2005இல் வன்னியில் ஒலித்த இசைக்கு ஏன் ஒரு புள்ளியும் இடவில்லை?

ஒலிக்காமல் இல்லை. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ9 வீதி திறக்கப்பட்டபின், கிளிநொச்சிக் கடைகளில் இறுவட்டுகள் நிறைந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் முல்லைத்தீவைக் கொண்டுபோனபின் எழுந்த இரங்கற் பாடல்கள் இருந்தன. போர்க்காலப் பாடல்கள் எண்ணிறந்தன. அவை தனி ஆய்வுக்குரியன. கோவலன் கூத்தின் ஒலிப்பதிவும், திருவிழா இரவுகளில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கியதை யாரோ ஒருவர் நாடாவிற் பிடித்ததும், அரிவி வெட்டுப் பாடலைப் பாட்டி பாடப் பேரன் பதிந்ததும் இருந்தன. 2008இன் பிற்பகுதி முதல் 2009 மே வரை மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து கடற்கரையில் ஒடுங்கிய நாளில், உயிரைக் கொணர்ந்தார் உளர். ஒலிநாடாவைக் கொணர்ந்தார் அரியர். வீடு இருந்த இடத்தில் வீடில்லாதபோது பேழை எங்கே இருக்கும்? ஆகவே 2005ஆம் ஆண்டு வன்னியின் இசை இதுவெனச் சுட்டி, கேட்டு, ஒப்பிட்டு, வரிசைப்படுத்தப் போதிய பொருள் நம் கையில் இல்லை.

நியூயோர்க்கிலும் இலண்டனிலும் இடப்படும் ஆண்டுப் பட்டியலின் உண்மையான பயன் இங்கேதான் விளங்குகின்றது. யார் முதல், யார் இரண்டாவது என்பது சில திங்களில் மறந்துபோம் வழக்கு. அவ்வாண்டில் இன்னின்ன இசை பிறந்தது என்னும் பதிவோ நிலைத்துவிடும். பட்டியல் தீர்ப்பாக வருகின்றது; சான்றாக நிற்கின்றது.

தமிழ் இதனை நன்கறியும். பெருநாரை, பெருங்குருகு என்னும் பழைய இசைநூல்கள் இறந்தொழிந்தன. அவற்றின் பெயரையேனும் நாம் அறிவது உரையாசிரியர்கள் பட்டியலிட்டு வைத்தமையால். பரிபாடல் எழுபதனுள் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. அவற்றுட் பெரும்பாலனவற்றின் ஈற்றிற் பாடினோர் பெயர், இசை வகுத்தோர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. கீரந்தையார் பாடிய பாட்டுக்கு நன்னாகனார் இசை வகுத்தார், பண் பாலையாழ் என்று இன்றும் நாம் சொல்ல முடிகின்றது. நன்னாகனாரின் இசை காற்றோடு போயிற்று. ஏட்டின் ஓரத்தில் ஒருவர் எழுதிய ஒற்றை வரியால் அவர் பெயர் போகவில்லை.

ஈழத்து எழுத்துகளை மின்வடிவிற் காக்கும் 'நூலகம்' என்னும் திட்டம் தொடங்கியதும் அதே 2005ஆம் ஆண்டிலேதான். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபின் ஏட்டைக் காக்கும் கடமை நம்மவர் நெஞ்சில் ஊன்றிற்று. ஒலியைக் காக்கும் கடமையும் அவ்வாறே ஊன்றுதல் வேண்டும்.

செய்யத்தக்கது பெரிதன்று. பாடசாலை தோறும், சனசமூக நிலையம் தோறும் ஒரு கொப்பி போதும். அவ்வாண்டில் அவ்வூரிற் புதிதாகப் பாடப்பட்டதும் பதியப்பட்டதும் எவை என மாணவர் கேட்டறிந்து எழுதுக. பரிபாடலார் காட்டிய முறையே போதும்: பாடினோர், இசை வகுத்தோர், பண் அல்லது மெட்டு. அவற்றோடு ஊரும் நாளும் சேர்க. ஒலிப்பதிவு எவர் வீட்டில் உளது என்பதையும் குறிக்க. படி ஒன்று எடுத்து வேறோர் ஊரில் வைக்க. அதன்பின் விரும்பியவாறு புள்ளியிட்டு வரிசைப்படுத்துக, வாதிடுக, ஒருவர் முதலிடத்தை மற்றவர் கவிழ்க்க. வாதம் ஓய்ந்தபின்னும் கொப்பி இருக்கும்.